டச் டவுனுக்கு ஒரு மைனஸ்

என் மாமனார் காலை உடைத்துக்கொண்ட ஐப்பசியில்தான் மாடி அறை என் கையைவிட்டுப் போனது.

சின்னமனூரில் அவர் வீட்டு மாடியில் ஒரே ஒரு அறை. பழம் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளையும் பழைய ஸ்பிரேயரையும் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, மறு பக்கத்தில் மேசையும் இரண்டு கம்ப்யூட்டர் திரைகளும் போட்டு உட்கார்ந்திருந்தேன். கோடையில் உள்ளே இருக்கவே முடியாது. ஆனால் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பிரசவத்துக்கு வந்தவர்கள் நாங்கள். மகள் பிறந்து, தவழ்ந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொன்னது. மனைவிக்கு உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. என் சொந்த ஊர் கெங்குவார்பட்டி. அங்கே அண்ணன் குடும்பத்துக்கே வீடு போதாது. அப்படியே சின்னமனூரில் தங்கிவிட்டோம். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

என் முன்னால் யாரும் ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று சொன்னதில்லை. கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் தயாராக இருக்கும். கறி எடுத்தால் நல்ல துண்டெல்லாம் என் தட்டுக்கு வரும். பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று ஒரு டீ குடித்தால், நான் வீடு திரும்புவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருக்கும். அத்தை என்னிடம் நேராகப் பேச மாட்டார். என் மனைவியைப் பார்த்துத்தான் கேட்பார். “ஏத்தா, நம்ம வீட்டுக் காப்பி மாப்ளைக்குப் பிடிக்கலையா?” கோபமே இருக்காது, நிஜமான கவலைதான் இருக்கும். அதனால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

என் வேலை என்னவென்று அந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையே ஆடும் ஃபுட்பால் ஆட்டங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவது. நாம் சொல்லும் கால்பந்து இல்லை. தலையில் ஹெல்மெட், தோளில் கவசம், கோழிமுட்டை போலக் கூர்ந்த ஒரு பந்து. ஒருவன் அதைச் சுமந்துகொண்டு முன்னேற வேண்டும், எதிரணி அவனைக் கீழே தள்ள வேண்டும். அந்தக் கல்லூரிகளுக்குத் தங்கள் ஆட்டக்காரன் ஒவ்வொரு முறையும் என்ன செய்தான், சரியாகச் செய்தானா என்று தெரிய வேண்டும். பயிற்சியாளர்களுக்கு எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்க நேரமில்லை. அதனால் ஆட்டம் முடிந்ததும் வீடியோ எங்களுக்கு வந்துவிடும். அங்கே சனிக்கிழமை ஆடுவார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கும்.

நான் பார்த்தது ‘ஆப்ஷன்’ என்ற முறையில் ஆடும் அணிகளை. அந்த முறையில் குவாட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன், பந்தைத் தனக்குப் பக்கத்தில் ஓடி வரும் ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைப்பான். வைப்பான், ஆனால் உடனே விட்டுவிட மாட்டான். எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். குவாட்டர்பேக்கின் கண் அவன்மேல் இருக்கும். அவன் ரன்னிங் பேக்கைப் பிடிக்கத் திரும்பினால் பந்தை உருவிக்கொண்டு இவனே ஓட வேண்டும். அவன் இவனுக்காகக் காத்து நின்றால் பந்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். கண் சிமிட்டும் நேரத்தில் முடிவெடுக்கிற வேலை.

நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். மேலிருந்து எடுத்த படம் ஒன்று, பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்று. தடுக்கப்படாத அந்த ஆளின் தோள் எந்தப் பக்கம் திரும்பியது, அப்போது பந்து யார் கையில் இருந்தது என்று பார்த்து ஒரு பிளஸ் அல்லது மைனஸ் போடுவேன். எத்தனை கெஜம் கிடைத்தது என்பது என் கணக்கில் வராது. தப்பான முடிவெடுத்தும் சில சமயம் தூரம் ஓடிவிடலாம். சரியான முடிவெடுத்தும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். நான் முடிவுக்குத்தான் மதிப்பெண் போட வேண்டும்.

ரன்னிங் பேக்குக்கு வேறு கேள்விகள். தனக்காகத் திறந்த சந்தில் நுழைந்தானா, அவசரப்பட்டு வேறு பக்கம் போனானா? மோதிய பிறகும் எத்தனை எட்டு இழுத்துக்கொண்டு போனான்? பந்து தன்னிடம் இல்லாதபோதும் இருப்பது போலவே குனிந்து ஓடினானா? கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. குவாட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு போன பிறகும் அவன் வெறும் வயிற்றை இரு கையாலும் அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய வேண்டும். பந்து இருக்கிறது என்று நம்பி இரண்டு மூன்று பேர் அவனைப் போட்டு அமுக்குவார்கள். அப்படி அமுக்கப்பட்டால் அவனுக்கு ஒரு பிளஸ்.

அந்த சீசன் முழுக்க எனக்கு ஒரே ஒரு கல்லூரியைக் கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டு குவாட்டர்பேக்குகள் மாறி மாறி ஆடினார்கள். ஒருவன் நெட்டை. கால் அப்படி ஒரு வேகம். இன்னொருவன் குட்டை, ஓட்டம் சுமார். அடுத்த வருடம் யாரை முழுநேரமும் ஆடவைப்பது என்று கல்லூரிக்கு ஒரு அறிக்கை வேண்டும். சீசன் முடிவில் நான் எழுதித் தர வேண்டும்.

இந்த நேரத்தில்தான் மாமா விழுந்தார். திராட்சைப் பந்தலில் தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்ட ஸ்டூலில் ஏறியிருக்கிறார். ஈர மண்ணில் ஸ்டூல் சாய்ந்து வாய்க்காலில் விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டது. தேனியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து அனுப்பினார்கள். ஹாலில் கட்டில் போட்டோம். பழம் வெட்டுகிற சமயம். அத்தை தோட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். மனைவிக்குப் பள்ளிக்கூடம். வீட்டில் இருக்கும் ஒரே ஆள் நான்.

“கம்ப்யூட்டரக் கீழ கொண்டாந்து வச்சுக்கிருவமா? அப்பாவுக்குத் தொணையா இருக்கும்,” என்றாள் மனைவி. கேட்பது போலத்தான் சொன்னாள். அன்று சாயங்காலமே தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் மேசையை இறக்கிவிட்டார்கள்.

கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் என் ஆபீஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வேலை அதிகம். காலுடைந்தவரைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வருவதும் ஞாயிற்றுக்கிழமைதான். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள், மாமாவின் காலைப் பார்ப்பார்கள், அப்புறம் என் திரையைப் பார்ப்பார்கள்.

“மாப்ள இன்னைக்கு லீவா?”

“இல்லீங்க. வேலைதான் பாக்குறேன்.”

“விளையாட்டுல்ல ஓடுது?”

“அதான் வேலை.”

அவர்கள் மாமாவைப் பார்ப்பார்கள். மாமா கூரையைப் பார்ப்பார். எனக்குக் காது சூடாகும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிக்கொள்வேன். முதுகுக்குப் பின்னால் பேச்சு தாழ்ந்து, பிறகு மெல்லக் கூடும்.

படுத்துக்கிடந்த மாமாவுக்கும் வேறு போக்கில்லை. கொஞ்ச நாளில் அவரும் பார்க்க ஆரம்பித்தார்.

“மாப்ள, எவன்ட்ட பந்து?”

“நீங்களே சொல்லுங்க மாமா.”

“அந்தா கீழ கெடக்கான்ல, தடியன். அவன்ட்ட.”

நான் ஓடவிட்டுக் காட்டுவேன். பந்து அந்தத் தடியனிடம், அதாவது ரன்னிங் பேக்கிடம், இருக்காது. நெட்டையன் வெள்ளைக்கோட்டு ஓரமாக அதை இடுக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பான். ஒவ்வொரு முறையும் மாமா ஏமாந்தார். ஏமாறுவது அவருக்குப் பிடிக்காத விஷயம். திராட்சை ஏஜெண்டுகளையே ஓட ஓட விரட்டியவர். “பெறகு பந்து இல்லாதவனை எதுக்குய்யா போட்டு அமுக்குறாக?” என்று கோபப்படுவார்.

அவருக்கு நெட்டையனைத்தான் பிடிக்கும். குட்டையனை நான் பாராட்டும்போது ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

“அவன் எங்க ஓடுனான்? பந்தக் குடுத்துட்டு நிக்கிறான்.”

“குடுக்க வேண்டிய நேரத்துல குடுத்தான் மாமா. அதான் தடியன் உள்ள புகுந்து போனான்.”

“போனது தடியன். பேரு இவனுக்கா?”

இப்படியே போனது. வெளியே பார்ப்பவர்களுக்கு மாமனாரும் மருமகனும் ஒட்டிக்கொண்டது போலத் தெரிந்திருக்கும். அந்த வாதங்களில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நான் எழுந்தால் “எங்க மாப்ள?” என்று கேட்பார். கொல்லைப்பக்கம் போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சாப்பாடு, மாத்திரை, பெட்பேன், போனை எடுத்துக் கொடுப்பது, மின்விசிறியைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் நான்தான். சாயங்காலம் மனைவி வந்ததும் மாடிக்கு ஏறி, மேசை இல்லாத அந்த அறையில் சும்மா நின்றுவிட்டு வருவேன்.

சீசனின் கடைசி ஆட்டம். எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் பந்து. நெட்டையன் தடியனின் வயிற்றில் பந்தை வைத்தான். தடுக்கப்படாத ஆள் நெட்டையனைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தான். பந்தைத் தடியனிடம் விட்டிருக்க வேண்டும். இவன் உருவினான். அந்த ஆள் நேராக இவன்மேல் பாய்ந்தான். இவன் இடுப்பை ஒரு வெட்டு வெட்டி அவனைக் கீழே விழவைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். டச் டவுன், ஆறு புள்ளி. மைதானமே எழுந்து நின்றது.

மாமா கட்டிலைத் தட்டினார். “பாத்தீகளா! பாத்தீகளா!”

நான் மைனஸ் போட்டேன்.

மறுநாள் என் டீம் லீடர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். ஹெட்போன் சார்ஜில் இருந்தது. ஸ்பீக்கரில்தான் பேச வேண்டியிருந்தது.

“டச் டவுனுக்கு மைனஸா? கிளையண்ட் பார்த்தா என்னைக் கேப்பாங்க.”

“தப்பான முடிவு சார். அவன் கால் காப்பாத்திடுச்சு. நல்ல அணிகூட ஆடுனா அதே இடத்துல விழுவான். நாலு ஆட்டத்துல விழுந்துமிருக்கான், கிளிப் அனுப்புறேன்.”

“அப்ப ரிப்போர்ட்ல குட்டையாளா?”

“ஆமா சார். அவன் ஆடுனா ரன்னிங் பேக்கும் நல்லா ஓடுறான். நெட்டையன் ஆடுனா அவன் மட்டும்தான் ஓடுறான்.”

“மாத்த மாட்டீங்க.”

“மாட்டேன் சார்.”

“சரி, அப்படியே அனுப்புங்க. இன்னொண்ணு. கோயமுத்தூர்ல சின்னதா ஒரு ஆபீஸ் போடுறோம். ஆப்ஷன் டீமை நீங்க பாத்துக்கணும். ஆனா அங்க வந்து இருக்கணும். வீட்ல பேசிட்டு இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மாமா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறவர் மூச்சு அப்படி இருக்காது.

அன்று மதியம் எனக்குத் தட்டில் இரண்டு முட்டை வந்தது. அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மனைவியிடம் மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல விஷயந்தான,” என்றாள்.

“போகலாமா?”

“அப்பா கால் சரியாகட்டும். ஒங்களுக்குப் போகணும்னா போங்க. நான் வேணாம்னு சொல்லலையே.”

யாராவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்த வாரம் முழுக்க நான் காத்திருந்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். மறுநாள் சொல்லலாம், மறுநாள் சொல்லலாம் என்று லீடருக்குப் போன் செய்யாமலே விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேகமலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. கரண்ட் போய்விட்டது. மழையால் பார்க்க வருகிறவர்களும் யாரும் இல்லை. அத்தை, பழம் வெடித்துவிடும் என்று தோட்டத்துக்கு ஓடியிருந்தார். மகளை அழைத்துக்கொண்டு மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். திரை இருட்டாகக் கிடந்தது. நானும் மாமாவும் மட்டும்.

“கோயமுத்தூருக்குக் கூப்புடுறாக மாமா.”

“கேட்டுச்சு.”

“நான் என்ன செய்யட்டும்?”

“என்னையக் கேட்டா? போகாதீகன்னு நான் சொன்னேனா?”

“இல்ல.”

“இருங்கன்னு சொன்னேனா?”

“அதுவும் இல்ல.”

“பெறகு?”

“அதான் மாமா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீக. எனக்கு இங்கன மூச்சு முட்டுது.”

சொல்லிவிட்டேன். இத்தனை காலத்தில் அந்த வீட்டில் நான் சத்தமாகச் சொன்ன முதல் விஷயம் அதுதான். மாமா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“இங்கனன்னா? இந்த ஹால்லயா, வீட்லயா?”

“ரெண்டுலயுந்தான்.”

“காலுல கம்பிய வச்சுக்கிட்டு, ஒரு மாசமா கூரையப் பாத்துக் கெடக்குறது நானு. மூச்சு முட்டுறது ஒங்களுக்கா?”

அவர் குரல் உடைந்து ஏறியது. கோபமா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. நான் என்ன சொல்வது? அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு அவர் கையை நீட்டினார். “பாத்ரூம் போகணும். தூக்குங்க.”

பெட்பேனை எடுக்கக் குனிந்தேன். வேண்டாமென்று தலையாட்டினார். வாக்கர் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அதை அவர் தொடவே இல்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். அதுவரை என்மேல் சாய வேண்டியிருக்கும்போதெல்லாம் கட்டில் சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்வார். அன்று மொத்த எடையையும் என் தோளில் போட்டார். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு முனகல். ஹாலிலிருந்து கொல்லைக்கு அவ்வளவு தூரம் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வந்து படுத்த பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். “போகணும்னா போயிருங்க மாப்ள. ஆனா எம்மகளைக் கூப்புடாதீக. அது வராது.”

மனைவி வந்ததும் மாடிக்குக் கூட்டிப்போய் இதைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் பொங்கியது.

“நான் வரமாட்டேன்னு அப்பா சொன்னாகளா? எனக்குப் பதிலா அவுக யாரு சொல்றதுக்கு?”

“அப்ப வருவியா?”

அவள் பெட்டிகளுக்குப் பக்கத்தில், மேசை இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

“எனக்கு இங்கன பிடிச்சிருக்குங்க. ஸ்கூல் பிடிச்சிருக்கு. சென்னையில ஒரு நாள்கூட நான் நல்லாத் தூங்கல. இதச் சொன்னா ஒங்களைக் கட்டிப்போட்ட மாதிரி ஆயிருமேன்னு பயமா இருந்துச்சு.”

“சொல்லாததாலதான் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு.”

“சரி, இப்பச் சொல்லிட்டேன். என்ன செய்யப் போறீக?”

அவளைப் பார்த்தால் சண்டைக்குத் தயாராக இருப்பது போல இருந்தது. எனக்குத்தான் சண்டை வரவில்லை. அவளுக்கு மூச்சுவிடக் கிடைத்த காற்றில்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மறுநாள் லீடருக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். “வேற ஒருத்தரைப் போட்டாச்சுங்க. நீங்க கூப்பிடவே இல்லையே. உங்களுக்கு இஷ்டமில்லைன்னு நினைச்சுட்டேன்.”

முதலில் வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்று தோன்றியது. அந்த நிம்மதியை நினைத்தபோதுதான் வலித்தது. கதவு திறந்திருந்தபோது நிலைப்படியிலேயே நின்றுவிட்டு, அது மூடியதும் அப்பாடா என்று உட்காருகிறவனாக நான் எப்போது ஆனேன்?

அறிக்கைக்கும் அதே வாரம் பதில் வந்தது. மிக நேர்த்தியான வேலை என்று நன்றி சொல்லியிருந்தார்கள். நெட்டையனையே முழுநேரம் ஆடவைப்பதாக முடிவு செய்திருந்தார்கள். குட்டையன் வேறு கல்லூரிக்கு மாறிக்கொண்டான் என்று பிறகு தெரிந்தது. எந்தக் கல்லூரி என்று நான் தேடவில்லை. தடியன் அங்கேயே இருந்தான். அடுத்த சீசனிலும் வெறும் வயிற்றைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தான். நானும் பிளஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தை மாதம் மாமா கைத்தடியோடு தெருமுனைவரை நடந்தார். அந்த வாரம் நான் யாரிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் சின்ன அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். வீட்டில் சொன்னபோது அத்தை என் முகத்தையே நேராகப் பார்த்துவிட்டார். “நம்ம வீட்ல எடமா இல்ல?” மாமா கைத்தடியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மனைவிதான், “நல்ல நெட் இருக்கான்னு பாத்தீகளா?” என்று கேட்டாள்.

அந்த அறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஜன்னல், திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர். கீழே நாளெல்லாம் இரும்புக் குழாய் அறுக்கும் சத்தம். காலையில் சின்னமனூரில் பஸ் ஏறுவேன். வீரபாண்டி தாண்டும்போது கொஞ்சம் தூங்குவேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அத்தை மூன்று பேருக்குக் கட்டியிருப்பார். பக்கத்துக் கடையில் டீ குடிப்பேன், அதைப் பற்றி யாருக்கும் செய்தி போகாது. சில நாள் ஒரு வேலையும் செய்யாமல் கதவைச் சாத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதும் உண்டு.

விடுதலை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சாயங்காலமானால் அதே பஸ், அதே வீடு, அதே வெந்நீர். ஆனால் முதல் நாள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, மாமா வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, என்னோடு பேசுவதில்லை என்பதை மறந்து, “வந்துட்டீகளா மாப்ள?” என்று கேட்டார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்பதற்கு நான் எங்கேயும் போனதும் இல்லை.

“வந்துட்டேன் மாமா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.